இணையத்தில் நிரலாக்கம் கற்றுத்தரும் தன்னார்வக் குழு: தொடங்குவது முதல் இரண்டாவது பேட்ச் வரை

நிரலாக்கம் கற்கப் பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஹார்வர்டின் சிஎஸ்50 வகுப்புகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசப் பாடத்தளம் 2014 முதல் இருக்கிறது, சிறுவர்களுக்கு ஸ்கிராட்ச் 2007 முதல் இருக்கிறது. இருந்தும் தனியாகக் கற்கத் தொடங்குகிறவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். பாடம் புரியாமல் நிற்பவர்கள் குறைவு. ராத்திரி பத்து மணிக்குத் திரையில் சிவப்பாக ஏதோ ஒரு பிழைச்செய்தி வருகிறது, கேட்க ஆளில்லை, கணினியை மூடிவிட்டுப் படுக்கிறார்கள். மறுநாள் திறப்பதில்லை.

தன்னார்வக் குழு ஒன்று தொடங்குவதாக இருந்தால், உங்கள் நேரமெல்லாம் இந்த இடத்துக்குத்தான் போகவேண்டும். நூறு பேருக்கு விரிவுரை நடத்துவது எளிது, ஆனால் அதை உங்களைவிட நன்றாகச் செய்த வீடியோக்கள் ஏற்கனவே இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு பேரின் பிழைகளை உட்கார்ந்து பார்ப்பதற்கு எந்த வீடியோவும் வராது. இந்த வழிகாட்டியில் வரும் எண்ணிக்கை, கருவி, நேரம் எல்லாமே அந்த ஒரு நோக்கத்துக்காகப் போட்ட கணக்குகள்தான்.

முதலில் எண்ணிக்கை

அறிவிப்பு போடுவதற்கு முன் ஒரு காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மாணவர் வாரத்துக்கு 2 கேள்வி கேட்பார் என்று வைத்துக்கொள்வோம். நிரலைப் படித்து, ஓட்டிப் பார்த்து, பதில் எழுத ஒரு கேள்விக்கு 15 நிமிடம் ஆகும். 12 மாணவர்கள் என்றால் 24 கேள்வி, 6 மணி நேரம். அதோடு வகுப்பு நேரம், சந்தேகம் தீர்க்கும் நேரம், பாடம் தயாரிக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தால் 12 அல்லது 13 மணி நேரம் வரும். மூன்று தன்னார்வலர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு வாரம் 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வேலைக்குப் போகும் ஒருவர் இரண்டு மாதம் தாங்கக்கூடிய அளவு இதுதான்.

இதையே 40 மாணவர்களுக்குப் போட்டால் பதில் சொல்ல மட்டும் 20 மணி நேரம் வேண்டும். ஆர்வத்தில் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் குழுக்கள் நான்காவது வாரத்தில் மௌனமாகிப் போவதற்கு இதுவே காரணம். கேள்விகள் குவியும், பதில் தாமதமாகும், கேட்டவர் அடுத்த முறை கேட்கமாட்டார். பிறகு தன்னார்வலர்கள் குற்ற உணர்ச்சியில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

ஆகவே 4 மாணவர்களுக்கு 1 தன்னார்வலர். மூன்று தன்னார்வலர்கள் கிடைத்தால் 12 பேர், இரண்டு பேர்தான் என்றால் 8 பேர். தனி ஆளாகத் தொடங்காதீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் குழுவுக்கே காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிடும்.

தன்னார்வலர்களிடம் தேட வேண்டியது பெரிய அனுபவத்தை அல்ல, நேரம் தவறாமையை. பத்தாண்டு அனுபவமுள்ள பொறியாளர் பலருக்குத் தொடக்க நிலையில் எது கடினம் என்பதே மறந்துபோயிருக்கும். ஓராண்டுக்கு முன் கற்றவருக்கு அது நன்றாக நினைவிருக்கும். குழுவில் இரு வகையினரும் இருந்தால் நல்லது. வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள்: ஒருவர் பாடம் நடத்துவார், ஒருவர் அரட்டைப் பெட்டியையும் தடுமாறுகிறவர்களையும் கவனிப்பார், ஒருவர் ஒருங்கிணைப்பார். வாரம் தோறும் இந்த வேலைகள் கைமாறட்டும்.

காலம் 8 வாரம். முடிவு தேதி இல்லாத குழுவில் சேர்வது எளிது, நழுவுவது அதைவிட எளிது. முடியும் தேதியை முதல் அறிவிப்பிலேயே எழுதிவிட்டால் மாணவரும் சரி, தன்னார்வலரும் சரி, அதுவரை இழுத்துப் பிடித்து வருவார்கள்.

எந்த மொழி, என்ன இலக்கு

பெரியவர்களுக்கும் உயர்நிலைப் பள்ளி வயதினருக்கும் பைத்தான் போதும். வாதம் வேண்டாம். வலைப்பக்கம் செய்வதுதான் ஆசை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னால் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட். பத்து வயதுக்குக் கீழே இருந்தால் ஸ்கிராட்ச். ஒரே பேட்சில் இரண்டு மொழி ஓட்டாதீர்கள்.

பைத்தான் என்றால் பைத்தான் 3. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது, ஆனால் பழைய பாடங்கள் இணையத்தில் இன்னும் உலவுகின்றன. பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அது பழைய பாடம். மாணவர்கள் தேடி எடுத்துவரும் பாதி குழப்பம் இங்கிருந்துதான் வரும் என்பதால் முதல் நாளே இதைக் காட்டிவிடுங்கள்.

இலக்கை ‘அடிப்படை கற்பது’ என்று எழுதாதீர்கள். எட்டாவது வாரக் கடைசியில் ஒவ்வொருவரும் தாமே எழுதிய, 50 முதல் 80 வரியுள்ள, ஓடுகிற ஒரு நிரலை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு, செலவுக் கணக்கு, வினாடி வினா, எதுவாகவும் இருக்கலாம். இந்த இலக்குக்குத் தேவைப்படாத எதையும் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டாம். கிளாஸ், டெக்கரேட்டர் போன்ற மேல்நிலைக் கருத்துகள் எல்லாம் காத்திருக்கட்டும்.

கருவிகள்: மூன்றே போதும்

பேச ஓர் இடம், கேள்வி கேட்க ஓர் இடம், நிரல் எழுத ஓர் இடம். நான்காவது கருவியைச் சேர்க்கத் தோன்றும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பேச: ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். ஜிட்சி மீட் திறந்த மூல மென்பொருள். டிஸ்கார்டின் குரல் சேனல்களில் நேர வரம்பில்லை, திரையும் பகிரலாம். வகுப்பை 55 நிமிடமாக வைத்துக்கொண்டால் மீட்டுக்குள்ளேயே அடங்கும். மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் வசதி மீட்டின் இலவசக் கணக்கில் கிடையாது. அதற்கு ஒவ்வொரு தன்னார்வலரும் தம் பெயரில் ஓர் இணைப்பை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கலாம். பயிற்சி நேரம் வந்ததும் நால்வர் நால்வராக அந்தந்த இணைப்புக்குப் போவார்கள். டிஸ்கார்டில் இதற்கு நான்கு குரல் சேனல் போதும்.

கேள்விக்கு: வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய கைபேசி எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். முன்பின் தெரியாதவர்கள் சேரும் இடத்தில் இது சிக்கலில் முடியும். டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம். டிஸ்கார்டில் ஒவ்வொரு கேள்வியும் தனித் தலைப்பில் நிற்கும், பிறகு தேடி எடுக்கவும் வசதி. ஆனால் டிஸ்கார்டு கணக்குத் தொடங்கக் குறைந்தபட்சம் 13 வயது வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே என்றால் ஒரே கேள்விக்கு இரண்டு முறை பதில் எழுதுவீர்கள்.

நிரல் எழுத: கணினி வைத்திருப்பவர்களுக்குத் தானி (Thonny) என்ற நிரல் எழுதும் மென்பொருள் நல்ல தேர்வு. எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்கென்றே உருவானது. பைத்தானும் அதனுடனேயே வந்துவிடும், தனியாக நிறுவ வேண்டியதில்லை. வேரியபிள்களின் (நிரலில் மதிப்புகளைப் பெயரிட்டு வைக்கும் இடங்களின்) மதிப்பு மாறுவதைப் பக்கத்துப் பெட்டியில் காட்டும், நிரலை ஒவ்வோர் அடியாக ஓட்டிக் காட்டும். விஷுவல் ஸ்டுடியோ கோட் நல்ல கருவிதான், ஆனால் முதல் வாரத்தில் அதன் பொத்தான்களே ஒரு தனிப் பாடமாகிவிடும். எதையும் நிறுவ முடியாத கணினி என்றால் உலாவியிலேயே ஓடும் கூகுள் கோலாப். ஆண்ட்ராய்டு கைபேசி மட்டும் இருப்பவர்களுக்குப் பைட்ராய்டு 3 செயலி.

கைபேசியில் கற்பவர்களை மறுக்க வேண்டாம். அதேசமயம் அவர்களுக்குத் தட்டச்சு ஒரு சுமை என்பதை ஒப்புக்கொண்டு பயிற்சியை மாற்றிக் கொடுங்கள். வரிகளைக் கலைத்துப் போட்டுச் சரியான வரிசையில் அடுக்கச் சொல்லும் புதிர்கள் அவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். டேல் பார்சன்ஸ், பெட்ரீஷியா ஹேடன் இருவரும் 2006இல் முன்வைத்த முறை இது, பார்சன்ஸ் புதிர்கள் என்றே இதற்குப் பெயர். ஏழெட்டு வரிகளுக்கு எண் கொடுத்து அனுப்பினால், விடையை ‘3, 1, 4, 2...’ என்று அரட்டையிலேயே எழுதிவிடலாம்.

அறிவிப்பும் பதிவும்

அறிவிப்பில் ஐந்து விஷயம் இருந்தால் போதும்: யாருக்கு, என்ன மொழி, தொடங்கும் தேதியும் முடியும் தேதியும், வாரத்தில் எந்த நாள் எத்தனை மணி, வாரத்துக்குச் சொந்தமாக எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பது. கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வகுப்புக்கு வெளியே 3 மணி நேரம் ஒதுக்க முடியாதவருக்கு இந்தக் குழுவால் பலன் இருக்காது, அதை முன்பே சொல்வதுதான் மரியாதை. பல நாடுகளிலிருந்து ஆட்கள் சேர்ந்தால் நேரத்தை ஒருங்கிணைந்த உலக நேரத்திலும் (UTC) சேர்த்து எழுதுங்கள். ஆண்டுக்கு இரு முறை கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இருப்பவர்கள் அந்த வாரங்களில் ஒரு மணி நேரம் தவறி வருவார்கள், முந்தைய நாள் நினைவூட்டல் போடுங்கள்.

பதிவுப் படிவத்தில் பெயர், வயது வரம்பு, கணினியா கைபேசியா, எந்த இயங்குதளம், இதற்கு முன் நிரல் எழுதியதுண்டா, ஏன் கற்க விரும்புகிறார் என்ற கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகவரி, அடையாள எண் எதுவும் வேண்டாம். கேட்டால் பாதுகாக்கும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

படிவம் நிரப்பியவர்கள் எல்லோரும் வருவதில்லை. அதனால் ஒரு சிறு வேலை கொடுத்து வடிகட்டுங்கள்: தானியையோ கோலாப்பையோ திறந்து, அனுப்பிய மூன்று வரி நிரலை ஓட்டி, திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடியாதவர்கள் எங்கே நின்றார்கள் என்று எழுதினால் போதும், அவர்களுக்கும் இடமுண்டு. எதுவுமே அனுப்பாதவருக்கு அடுத்த பேட்ச். இந்த வடிகட்டலில் திறமையை அளக்க வேண்டாம், முயன்றாரா என்பதை மட்டும் பாருங்கள்.

நிறுவும் நாள்

முதல் வகுப்புக்கு முன் ஒரு நாளை முழுக்க நிறுவலுக்கு ஒதுக்குங்கள். பாடம் எதுவும் கிடையாது. இல்லாவிட்டால் முதல் வகுப்பில் இருவருடைய கணினியைச் சரிசெய்வதை மற்ற பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

என்னென்ன தகராறு வரும் என்பதை முன்கூட்டியே பட்டியலிடலாம், அவ்வளவு ஒரே மாதிரியாக வரும். தானி வேண்டாம் என்று விண்டோஸில் பைத்தானைத் தனியாக நிறுவுகிறவர், நிறுவும் திரையின் அடியில் இருக்கும் ‘பாத்’ பெட்டியை டிக் செய்யாமல் விடுவார். பிறகு கட்டளைத் திரையில் பைத்தான் என்று அடித்தால் அப்படி ஒன்று இல்லை என்று வரும். நோட்பேடில் எழுதிச் சேமிப்பவரின் கோப்புக்கு விண்டோஸ் சத்தமில்லாமல் டெக்ஸ்ட் கோப்பின் பின்னொட்டை ஒட்டிவிடும். பின்னொட்டுகளை மறைத்துவைப்பதே விண்டோஸின் இயல்பமைப்பு என்பதால் கண்ணுக்கும் தெரியாது.

இன்னொன்று கொஞ்சம் விசித்திரமானது. பைத்தானோடு வரும் ரேண்டம் என்ற மாட்யூலைப் (ஆயத்த நிரல் தொகுப்பைப்) பழகுகிற மாணவர் தன் கோப்புக்கும் அதே பெயரை வைப்பார். பைத்தான் மாட்யூலைத் தேடும்போது நிரல் இருக்கும் ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும், ஆகவே மாணவரின் கோப்பையே மாட்யூலாக எடுத்துக்கொண்டு, அதில் அந்த ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) இல்லையே என்று பிழை காட்டும். நிரலில் தவறே இருக்காது. கோப்பின் பெயரை மாற்றினால் சரியாகிவிடும். டர்ட்டில் மாட்யூலுக்கும் இதே கதைதான்.

கைபேசியிலிருந்தோ வேர்டு கோப்பிலிருந்தோ நகலெடுத்த நிரலில் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும். பார்க்க அழகு, பைத்தானுக்குப் புரியாது. அரட்டையில் சாதாரணமாக ஒட்டிய நிரலில் வரியின் முன்னுள்ள இடைவெளிகள் குலைந்துபோகலாம். பைத்தானில் இடைவெளி இலக்கணத்தின் ஒரு பகுதி, அது போனால் நிரலே வேறாகிவிடும். மூன்று சாய்ந்த ஒற்றைக் குறிகளை (```) முன்னும் பின்னும் போட்டு நிரலை ஒட்டும் பழக்கத்தை நிறுவும் நாளிலேயே எல்லோரையும் ஒரு முறை செய்யவைத்துவிடுங்கள். டெலிகிராம், டிஸ்கார்டு இரண்டிலும் இது வேலை செய்யும்.

ஒரு வகுப்பின் 55 நிமிடம்

முதல் 5 நிமிடம் சென்ற வாரம் அதிகம் பேர் செய்த ஒரு தவறு, பெயர் சொல்லாமல். அடுத்த 20 நிமிடம் புதிய பாடம். பிறகு 20 நிமிடம் சிறு குழுக்களில் பயிற்சி. கடைசி 10 நிமிடம் எல்லோரும் கூடி ஒன்றிரண்டு விடைகளைப் பார்த்து, வீட்டு வேலை சொல்லி முடிப்பது. ஒரு வகுப்புக்குப் புதிய கருத்து ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

ஸ்லைடு வேண்டாம், வெற்றுத் திரையில் நேரடியாக எழுதுங்கள். எழுதும் வேகம் தானாகக் குறையும், மாணவரும் கூடவே அடிக்க முடியும், நீங்கள் செய்யும் எழுத்துப் பிழைகளும் அவற்றைச் சரிசெய்யும் விதமும் இலவசப் பாடமாகக் கிடைக்கும். எழுத்தளவு 20க்குக் குறையாமல் இருக்கட்டும். கைபேசியில் பார்ப்பவருக்கு உங்கள் அகலத் திரை உள்ளங்கை அளவுதான். பகிரும் ஜன்னலைக் குறுக்கி, நிரலை மட்டும் காட்டுங்கள்.

ஓட்டும் பொத்தானை அமுக்குவதற்கு முன் நிறுத்துங்கள். ‘இப்போது என்ன வரும்?’ என்று கேட்டு, எல்லோரும் விடையை அரட்டையில் அடித்துவைத்து, மூன்று எண்ணியதும் ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்லுங்கள். முதலில் அனுப்பியவரைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவது இதனால் நிற்கும். பாதிப் பேர் தவறாகச் சொன்னால் அதுதான் அந்த வகுப்பின் உண்மையான பாடம், அங்கேயே நில்லுங்கள்.

‘புரிந்ததா?’ என்று கேட்பதால் பயனில்லை, யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு நிரலாக்கம் கற்றுத்தர கிரெக் வில்சன் 1998இல் தொடங்கிவைத்த மென்பொருள் கார்ப்பென்ட்ரி (Software Carpentry) பயிலரங்குகளில் மாணவர்களிடம் இரண்டு நிற ஒட்டுத்தாள் கொடுப்பார்கள். முடித்தவர் ஒரு நிறத்தை மடிக்கணினியில் ஒட்டுவார், உதவி வேண்டியவர் மற்றதை ஒட்டுவார். கையைத் தூக்கிக்கொண்டே தட்டச்சு செய்ய முடியாது என்பதற்கான தீர்வு அது. இணையத்தில் இதற்கு எண்கள் போதும்: முடித்தவர் 1, செய்துகொண்டிருப்பவர் 2, மாட்டிக்கொண்டவர் 3. 3 என்று போட்டவர்களை இரண்டாவது தன்னார்வலர் உடனே தனி இணைப்புக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பு அதற்காக நிற்கக் கூடாது.

மாணவரின் கணினியைத் தொலைவிலிருந்து நீங்களே இயக்கிச் சரிசெய்யாதீர்கள். அவர் திரையைப் பகிரட்டும், நீங்கள் வாயால் சொல்லுங்கள், விரல் அவருடையதாக இருக்கட்டும்.

எட்டு வாரமும் தடுமாறும் இடங்களும்

முதல் வாரம் பிரிண்ட், வேரியபிள், இன்புட். இன்புட் எதைப் பெற்றாலும் எழுத்துச் சரமாகவே தரும். 5, 3 என்று கொடுத்துக் கூட்டினால் 53 வரும். இதை நீங்களே சொல்லிவிடாதீர்கள், 53 வரட்டும், காரணத்தை அவர்கள் யோசிக்கட்டும். யாராவது ஒருவர் 0.1 உடன் 0.2ஐக் கூட்டி 0.30000000000000004 வருகிறதே என்று கேட்பார். கணினி பின்னங்களை இரும எண்களாக வைப்பதால் 0.1ஐத் துல்லியமாக வைக்க முடியாது என்று இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிடுங்கள்.

இரண்டாவது வாரம் இஃப், எல்ஸ். ஒற்றைச் சமக்குறி மதிப்பை வைக்கும், இரட்டைச் சமக்குறி ஒப்பிடும். இதை ஒரு வாரம் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாவது வாரம் லூப். ஆட்கள் குறைவது இங்கேதான். ரேஞ்சுக்கு 5 கொடுத்தால் 0 முதல் 4 வரை வருவது ஒரு தடங்கல், வைல் லூப்பில் எண்ணிக்கையைக் கூட்ட மறந்து நிரல் நிற்காமல் ஓடுவது இன்னொன்று. கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தச் சொல்லிக் கொடுக்காவிட்டால் சிலர் கணினியையே அணைப்பார்கள். ஆனால் ஆழமான சிக்கல் வேறு. ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடும்போது அதே வேரியபிளின் மதிப்பு ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது என்பது மனத்தில் படிவதில்லை. இதற்குக் காகிதமும் பேனாவும்தான் மருந்து. வேரியபிளுக்கு ஒரு பத்தி, சுற்றுக்கு ஒரு வரிசை என்று கட்டம் போட்டு, நிரலைக் கையால் ஓட்டச் சொல்லுங்கள். ஐந்து சுற்று எழுதியவருக்கு ஆறாவது தானாக வரும். பிறகு தானியில் அடியடியாக ஓட்டித் தாம் எழுதிய கட்டத்தோடு ஒப்பிடட்டும். கட்டத்தைப் படமெடுத்து அனுப்புவதே அந்த வாரத்து வீட்டு வேலை.

நான்காவது வாரம் புதிய பாடம் வேண்டாம். பின்தங்கியவர்கள் வந்து சேர ஒரு வாரம் தேவை. முன்னே போனவர்கள் சலிப்படைந்தால் அவர்களுக்குக் கடினமான பயிற்சி ஒன்று கொடுங்கள், பாடத்தை முன்னே இழுக்காதீர்கள். ஐந்தில் லிஸ்ட், முதல் உறுப்பின் எண் 0 என்பதோடு. ஆறில் ஃபங்ஷன். அங்கே பிரிண்டுக்கும் ரிட்டர்னுக்கும் வேறுபாடு தெரியாமல் தவிப்பார்கள், இரண்டுமே திரையில் ஏதோ காட்டுவது போலத் தோன்றுவதால். ஃபங்ஷன் தந்த விடையை 2ஆல் பெருக்கச் சொல்லிப் பாருங்கள். பிரிண்ட் மட்டும் வைத்திருப்பவருக்கு ‘நன்’ (None, அதாவது எதுவும் இல்லை) என்ற மதிப்பைப் பெருக்க முடியாது என்று பிழை வரும், வேறுபாடு விளங்கிவிடும். ஏழில் டிக்‌ஷனரியை அறிமுகப்படுத்திச் சொந்த நிரலைத் தொடங்குவது, எட்டில் ஆளுக்கு 5 நிமிடம் காட்டுவது.

கேள்வியும் பதிலும்

குழுவின் உயிர் இங்கே இருக்கிறது. மேலே மேசையில் ஒட்டியதுபோல எப்போதும் தெரியும்படி ஒரு படிவத்தைப் பின் செய்து வையுங்கள்:

1. என்ன செய்ய முயன்றேன்
2. என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன்
3. என்ன நடந்தது (பிழைச்செய்தி முழுதும், எழுத்தாக)
4. நிரல் முழுதும், எழுத்தாக
5. இதுவரை என்ன மாற்றிப் பார்த்தேன்

கைபேசியில் சாய்வாக எடுத்த திரைப் படத்தை வைத்து யாராலும் நிரலை ஓட்டிப் பார்க்க முடியாது. அதனால் எழுத்தாக என்பதை வற்புறுத்துங்கள், ஆனால் முதல் இரண்டு வாரம் கடிந்துகொள்ளாமல். இந்தப் படிவத்தை நிரப்பும்போதே கணிசமான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும் என்பது ஒரு கூடுதல் லாபம்.

பிழைச்செய்தியைக் கடைசி வரியிலிருந்து படிக்கப் பழக்குங்கள். பிழையின் வகை அங்கேதான் இருக்கும். சின்டாக்ஸ் எர்ரர் (இலக்கணப் பிழை) என்றால் காட்டப்படும் வரியோடு அதற்கு மேல் வரியையும் பார்க்க வேண்டும், மூடாமல் விட்ட அடைப்புக்குறி அங்கே இருக்கலாம். பைத்தான் 3.10 முதல் இந்தச் செய்திகள் நன்றாகத் தெளிவாகியிருக்கின்றன, புதிய பதிப்பை நிறுவச் சொல்ல இது ஒன்றே போதுமான காரணம்.

பதில் சொல்பவருக்கு மூன்று விதி. 24 மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் ஏதாவது சொல்ல வேண்டும், ‘பார்த்தேன், இரவு எழுதுகிறேன்’ என்றாலும் சரி. அதற்கு நாள் முறை போட்டுக்கொள்ளுங்கள், எல்லோர் பொறுப்பு என்று விட்டால் யார் பொறுப்பும் இல்லை. இரண்டாவது, திருத்திய நிரலைக் கொடுக்க வேண்டாம். எந்த வரியைப் பார்க்க வேண்டும், அங்கே வேரியபிளில் என்ன இருக்கிறது என்று பிரிண்ட் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முறை சொல்லியும் நகரவில்லை என்றால் மட்டும் விடை. மூன்றாவது, தனிச் செய்தியில் வரும் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லாமல், குழுவில் போடச் சொல்லுங்கள். கூச்சப்படுபவர் என்றால் அவர் அனுமதியோடு நீங்களே பெயரில்லாமல் போடலாம். அதே ஐயம் இன்னும் மூன்று பேருக்கு இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளைத் தடை செய்வது நடக்காத காரியம். பிழைச்செய்தியை விளக்கச் சொல்லிக் கேட்கலாம், வீட்டு வேலையை எழுதச் சொல்லக் கூடாது என்று வரம்பு வையுங்கள். சந்தேகம் வந்தால் விசாரணை வேண்டாம். வகுப்பில் ஒரு சிறு மாற்றம் செய்யச் சொல்லுங்கள்: ‘மூன்று முறைக்குப் பதில் ஐந்து முறை வாய்ப்புக் கொடுக்கும்படி மாற்றுங்கள்.’ தானே எழுதியவர் அரை நிமிடத்தில் இடத்தைக் காட்டுவார்.

பாதுகாப்பு, பணம்

18 வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், தன்னார்வலரும் சிறுவரும் தனிச் செய்தியில் பேசக் கூடாது. இதில் விதிவிலக்கு வைக்காதீர்கள். இந்த ஏற்பாடு முடியாது என்றால் பெரியவர்களுக்கு மட்டும் நடத்துங்கள்.

கூட்ட இணைப்பைப் பொதுவில் போட வேண்டாம். காத்திருப்பு அறையை வையுங்கள், திரைப் பகிர்வை நடத்துபவர் அனுமதித்தால் மட்டும் என்று அமையுங்கள். பதிவு செய்வதாக இருந்தால் பாடம் நடத்தும் 20 நிமிடத்தை மட்டும் செய்யுங்கள், முன்பே சொல்லிவிட்டு. கேமரா ஓடினால் கேள்வி வராது.

நடத்தை விதி அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். கேலி கூடாது, தனிச் செய்தித் தொந்தரவு கூடாது, விளம்பர இணைப்பு கூடாது, மீறினால் யாரிடம் சொல்வது, அவர் என்ன செய்வார். புகாரைப் பெற இரண்டு பேரைக் குறிப்பிடுங்கள், புகாரே அவர்களில் ஒருவர்மீது இருக்கலாம்.

பணம் வாங்காதீர்கள், கொடுக்கவும் தேவையில்லை. மேலே சொன்ன கருவிகள் எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை. டொமைன், லோகோ, சான்றிதழ் ஆகியவற்றில் நேரம் போனால் அது பதில் எழுதும் நேரத்திலிருந்துதான் போகும்.

வருகை குறையும்போது

இரண்டு வகுப்பு தொடர்ந்து வராதவருக்கு ஒருங்கிணைப்பவர் ஒரே ஒரு செய்தி அனுப்பட்டும். ஏன் வரவில்லை என்று கேட்காமல், ‘இந்த வாரம் இங்கே இருக்கிறோம், நீங்கள் விட்ட இடத்திலிருந்து சேர இந்த ஒரு பயிற்சி போதும்’ என்று. திரும்புவதற்கு இருக்கும் பெரிய தடை வெட்கம். விட்டதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வராமல் போவார்கள். பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

12 பேரில் 5 பேர்தான் கடைசியில் நிற்கிறார்கள் என்றால் கலங்க வேண்டாம், ஆனால் காரணத்தைத் தேடுங்கள். முதல் வாரத்திலேயே போனவர்கள் என்றால் அறிவிப்பில் கோளாறு. மூன்றாவது வாரத்தில் என்றால் பாடம் வேகம். ஐந்துக்குப் பிறகு என்றால் பெரும்பாலும் பதில் தாமதம்: கேள்விச் சேனலை மேலே உருட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் முதல் பதில் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று குறித்துப் பாருங்கள். ஒரு கேள்வி பதிலே இல்லாமல் கிடந்தால், அதைக் கேட்டவர் எந்த வாரம் நின்றார் என்றும் சேர்த்துப் பாருங்கள்.

எட்டாவது வாரத்துக்குப் பிறகு

பழைய குழுவில் புதியவர்களைச் சேர்க்காமல், அடுத்த பேட்சுக்குப் புதிய சேனல் திறவுங்கள். இடையில் மூன்று நான்கு வாரம் ஓய்வு கட்டாயம். முடித்தவர்களில் கேள்விச் சேனலில் மற்றவர்களுக்குத் தாமாகப் பதில் சொல்லிப் பழகியவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களை அடுத்த முறை உதவியாளராக அழையுங்கள், பாடம் நடத்தச் சொல்லி முதலிலேயே பயமுறுத்தாமல், நான்கு பேரின் பயிற்சிக் குழுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாடக் குறிப்புகளையும் பயிற்சிகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டால், வேறு குழுக்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். இன்னும் பயனுள்ளது கேள்விச் சேனலிலிருந்து திரட்டிய பட்டியல்: வந்த பிழை, அதன் காரணம், எந்தக் குறிப்பால் மாணவர் தாமே கண்டுபிடித்தார் என்று மூன்று நெடுவரிசை. இரண்டாவது பேட்சின் தன்னார்வலர்கள் பதில் எழுத எடுக்கும் 15 நிமிடத்தை இது நன்றாகக் குறைக்கும்.

கணக்குகளின் கடவுச்சொல், படிவத்தின் உரிமை, சேனலின் நிர்வாகி அதிகாரம் ஆகியவை குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். பதிவுப் படிவத்தில் வாங்கிய தகவல்களை, பேட்ச் முடிந்த ஒரு மாதத்துக்குள் அழித்துவிட்டு, அழித்ததாகக் குழுவில் ஒரு வரி போடுங்கள்.